விளம்பரம் கூடியது, வருகை குறைந்தது: கூகுள் என்னைத் தண்டிக்கிறதா?

வீட்டு மின்சாதனங்களை நாமே பழுது பார்ப்பது எப்படி என்று படங்களோடு விளக்கும் இணையதளம் ஒன்றைத் தனி ஆளாகப் பல ஆண்டுகளாக நடத்திவரும் வாசகர், நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கூகுள் தேடல் வழியாக, அதுவும் மொபைலில் வருகிறார்கள். முன்பு ஒரு பக்கத்துக்கு, கூகுளின் சொந்த விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் மூன்று விளம்பரங்கள் மட்டும் இருந்தன. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு விளம்பர நிறுவனத்தின் பிரதிநிதி, வருமானத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வாசகர் ஆட்சென்ஸை எடுத்துவிட்டு அவர்கள் தந்த ஸ்கிரிப்டை, அதாவது விளம்பரங்களைக் கொண்டுவந்து காட்டும் நிரலைப் போட்டார். அதன்பிறகு பக்கம் திறந்ததும் முழுத்திரை விளம்பரம், திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு சில நேரம் சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ, இரண்டு பத்திக்கு ஒரு விளம்பரம் என்று ஆகிவிட்டது. முதல் இரண்டு மாதம் நல்ல வருமானம். மூன்றாம் மாதத்தில் தேடல் வருகை சரியத் தொடங்கியது. இப்போது பழைய வருகையில் பாதிக்குச் சற்று மேல்தான் மிச்சம். மாத வருமானமும் ஆட்சென்ஸ் காலத்தைவிடக் கீழே போய்விட்டது. பழைய டெம்ப்ளேட்டில் (பக்க வடிவமைப்பில்) இருக்கும் சில பக்கங்களில் மட்டும் அந்த ஸ்கிரிப்ட் ஏறவில்லை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. ஆட்சென்ஸை விட்டதற்காக கூகுள் பழிவாங்குகிறதா? மறுபடி ஆட்சென்ஸ் போட்டால் தேடலில் பழைய இடம் கிடைத்துவிடும் என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா? எல்லா விளம்பரங்களையும் இன்றே எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் சரியாகுமா? அதுவரை செலவைச் சமாளிக்க, ஒரு கடன் நிறுவனம் தரும் கட்டுரைகளை இணைப்புகளோடு வெளியிட்டுப் பணம் வாங்கலாமா? ‘விளம்பரங்களைக் கிளிக் செய்து ஆதரவு தாருங்கள்’ என்று வாசகர்களிடம் கேட்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

இன்று இரவே எல்லாவற்றையும் பிடுங்கிப்போட வேண்டாம். அந்த முழுத்திரை விளம்பரத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மற்றவற்றில் கை வைக்கும் முன், வருகை எங்கே சரிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கடிதம் முழுக்க ‘விளம்பரம்தான் காரணம்’ என்ற முடிவோடு எழுதப்பட்டிருக்கிறது. அது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது என்பதைத் தவிர இதுவரை உங்கள் கையில் வேறு ஆதாரம் இல்லை.

முதலில் சர்ச் கன்சோலைத் திறங்கள்

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். சரிவு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை உள்ள காலத்தை, போன ஆண்டின் இதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். குளிர்சாதனப் பெட்டி பழுது வெயில் காலத்திலும் வாட்டர் ஹீட்டர் பழுது குளிர் காலத்திலும் தேடப்படுவது உங்களுக்குத் தெரியாததல்ல.

பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: உங்கள் பக்கம் தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள். காட்டப்பட்ட எண்ணிக்கையும் இடமும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால், உங்கள் விளம்பரங்களைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. தேடுபவர் இன்னும் உங்கள் பக்கத்துக்குள் வரவே இல்லையே. அப்போது மாறியிருப்பது பெரும்பாலும் தேடல் முடிவுப் பக்கம். 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய ஏஐ சுருக்கம், வீடியோ வரிசை, பொருள் விலைப்பட்டியல் போன்றவை உங்கள் இணைப்புக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கலாம். ‘இந்த எரர் கோடுக்கு என்ன அர்த்தம்’ என்பது மாதிரி ஒரு வரியில் விடை கிடைக்கும் கேள்விகளில் இது அதிகம் நடக்கும்.

இடமே கீழே போயிருந்தால், அது தளம் முழுவதுமா, சில பக்கங்கள் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். சரிவு தொடங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் தன் அல்காரிதத்தில், அதாவது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கணினி முறையில், செய்யும் பெரிய மாற்றங்கள் தொடங்கிய, முடிந்த தேதிகளைத் தேடல் நிலைப் பலகையில் வெளியிடுகிறது. அந்தத் தேதியோடு உங்கள் சரிவு அச்சாகப் பொருந்தினால், விளம்பரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டுரைகளின் தரம், போட்டித் தளங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ‘மேனுவல் ஆக்‌ஷன்’ என்ற பகுதியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கூகுள் ஊழியர் யாராவது உங்கள் தளத்தின் மீது நேரடியாக நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் ‘தண்டனை’ என்று சொல்வது நடக்கவில்லை. உங்களைவிட வேறு சில பக்கங்கள் மேல் என்று அல்காரிதம் கணித்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் மன்னிப்புக் கேட்டு மனுப் போட இடம் இல்லை.

அப்புறம், ஸ்கிரிப்ட் ஏறாத அந்தப் பழைய பக்கங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். பெரும்பாலான தளக்காரர்களுக்கு இப்படி ஓர் ஒப்பீடு கிடைக்காது. ஸ்கிரிப்ட் உள்ள பக்கங்கள் மட்டும் விழுந்து, பழைய பக்கங்கள் நிலையாக நிற்கின்றன என்றால் விளம்பரத்தின் மீதான சந்தேகம் வலுக்கிறது. இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் வேறு காரணங்களையும் தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: தளத்தை மொத்தமாக எடைபோடும் கணிப்புகளும் கூகுளிடம் உண்டு. ஆகவே பழைய பக்கங்களும் விழுந்திருக்கின்றன என்பதாலேயே விளம்பரத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ஒரே மாதிரியான தலைப்புகளைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆட்சென்ஸ் போட்டால் மேலே ஏறுமா?

ஏறாது. எடுத்தால் இறங்கவும் செய்யாது. ஆட்சென்ஸ் வைத்திருப்பதற்கும் தேடல் வரிசைக்கும் தொடர்பில்லை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்ததைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் ‘பாண்டா’ என்ற மாற்றம் வந்தபோது, மேலோட்டமான கட்டுரைகளை மொத்தமாக எழுதிக் குவித்து ஆட்சென்ஸ் வருமானத்தில் வாழ்ந்த பல தளங்கள்தான் சரிந்தன. அந்தப் பணத்தில் கூகுளுக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு மே மாதம், ஒரு பக்கத்தின் தரத்தை எப்படிச் சிந்திக்க வேண்டும் என்று கூகுள் வெளியிட்ட கேள்விப் பட்டியலில், வாசிப்பதைக் கெடுக்கும் அளவுக்கு விளம்பரம் மிகுந்திருக்கிறதா என்பதும் ஒன்று. யாருடைய விளம்பரம் என்று அங்கே கேட்கவில்லை.

எனவே உங்கள் நண்பர் சொன்னதில் பாதி தற்செயலாகப் பலிக்கலாம். ஆட்சென்ஸுக்குத் திரும்பி, கூடவே பழைய மூன்று விளம்பர அமைப்புக்கும் திரும்பினால் நிலைமை மேம்படக்கூடும். அந்த மேம்பாட்டுக்குக் காரணம் விளம்பரம் குறைந்ததுதான். பெயர் மட்டும் ஆட்சென்ஸுக்குப் போகும். ஆட்சென்ஸுக்குத் திரும்பி, விளம்பரங்களைத் தானாகவே இடம் பார்த்து வைக்கும் அதன் ஆட்டோ விளம்பர வசதியில் எல்லாப் பொத்தான்களையும் அதிகபட்சத்தில் வைத்தால் இப்போது இருக்கும் இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

கூகுள் உண்மையில் எதைப் பார்க்கிறது

விளம்பரம் இருப்பது குற்றமில்லை. தேடல் முடிவுகளை மதிப்பிடும் ஆட்களுக்கு கூகுள் தரும் வழிகாட்டியிலேயே, விளம்பரம் இருப்பது மட்டும் தரக்குறைவுக்குக் காரணமாகாது, அந்த வருமானம் இல்லாமல் பல பக்கங்கள் இருக்கவே முடியாது என்ற கருத்து இருக்கிறது. வந்தவர் தேடி வந்ததை விளம்பரம் மறைக்கிறதா, தள்ளிப்போடுகிறதா என்பதுதான் கேள்வி.

2012 ஜனவரியில் வந்த மாற்றம் ஒன்று, பக்கம் திறந்ததும் தெரியும் முதல் திரை முழுக்க விளம்பரமாகவும் விஷயம் கீழே எங்கோ ஒளிந்தும் இருக்கும் தளங்களைக் குறிவைத்தது. தேடல்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றையே அது பாதிக்கும் என்று கூகுள் அப்போது சொன்னது. எனவே மேலே ஒரு பேனர் இருப்பதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. உங்கள் மொபைலில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, விரலால் தள்ளாமல் பாருங்கள். தலைப்பும் கட்டுரையின் முதல் வரிகளும் கண்ணில் படுகின்றனவா? பட்டால் இந்த விஷயத்தில் நீங்கள் பிழைத்தீர்கள்.

முழுத்திரை விளம்பரம் வேறு கதை. தேடலிலிருந்து மொபைலில் ஒரு பக்கத்துக்கு வந்தவுடன் விஷயத்தை மூடி மறைக்கும் பாப்-அப் இருந்தால், அந்தப் பக்கம் அவ்வளவு மேலே வராமல் போகலாம் என்று 2016 ஆகஸ்டில் அறிவித்து, 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். சட்டப்படி தேவையான குக்கீ அனுமதி, வயது சரிபார்ப்பு, லாகின் பெட்டி, எளிதாக மூடக்கூடிய சிறிய பட்டை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. உங்களிடம் இருப்பது விலக்குப் பட்டியலில் எதிலும் சேராது. விதியை விளக்கப் படம் போடச் சொன்னால் போடுவதுபோல அப்படியே இருக்கிறது. இன்றே நிறுத்துங்கள் என்று சொன்னது இதனால்தான்.

அடுத்தது வேகமும் நிலைத்தன்மையும். கோர் வெப் வைட்டல்ஸ் என்ற மூன்று அளவுகள் 2021 ஜூன் முதல் மொபைல் தேடலில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் பக்கம் அசைந்துகொடுக்க வேண்டும். இந்த அளவு, பழைய ஒன்றுக்குப் பதிலாக 2024 மார்ச்சில் சேர்ந்தது. மூன்றாவது, படித்துக்கொண்டிருக்கும்போது வரிகள் இடம் பெயர்ந்து குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். உண்மையான வருகையாளர்களின் கருவிகளிலிருந்து 28 நாள் தரவைத் திரட்டி, நான்கில் மூன்று பேருக்காவது இது நல்லபடி அமைகிறதா என்று பார்க்கிறார்கள்.

விளம்பர ஸ்கிரிப்ட் மூன்றையுமே கெடுக்க வல்லது. எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஏலம் நடத்தும் நிரல் முதலில் ஓடினால் உங்கள் படம் தாமதமாகும். வீடியோ பிளேயர் ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டால் மெனுவைத் தொட்டும் திறக்காது. இடம் ஒதுக்காமல் விட்ட பெட்டிக்குள் விளம்பரம் தாமதமாக வந்து விழும்போது, அதன் கீழே உள்ளதெல்லாம் ஒரு குதி குதிக்கும். ஆனால் இதையும் மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். பக்க அனுபவம் சுமாராக இருந்தாலும் பொருத்தமான விஷயம் இருக்கும் பக்கத்தையே மேலே காட்ட முயல்வதாக கூகுளே எழுதியிருக்கிறது. பக்க வேகத்துக்கு மதிப்பெண் போடும் பேஜ்ஸ்பீட் சோதனையில் 100க்கு 100 வாங்கப் பணத்தைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். உங்கள் பிரிவில் ஒரே பழுதைப் பற்றிப் பல தளங்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட நெருக்கமான போட்டியில்தான் இந்தச் சின்ன வித்தியாசங்கள் எடுபடும்.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சேதம் வருகையாளர் பக்கத்தில் நடந்திருக்கிறது. உங்கள் தளத்துக்கு வருபவரை நினைத்துப்பாருங்கள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், இன்னொரு கையில் போன். சலவை இயந்திரத்தின் பின்மூடி கழன்று கிடக்கிறது. எந்த வயரைக் கழற்றுவது என்ற நான்காவது படி அவருக்கு வேண்டும். முழுத்திரையை மூடக் கட்டைவிரல் எட்டவில்லை, வீடியோ சத்தம் போடுகிறது, படியைக் கண்டுபிடித்த நொடியில் பக்கம் குதிக்கிறது. அவர் பின்னால் போய் அடுத்த முடிவைத் திறப்பார். மறுமுறை உங்கள் தளத்தின் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போவார்.

வருகைக் கணக்குக் காட்டும் அனலிடிக்ஸ் கருவியில் தெரியும் பவுன்ஸ் ரேட்டை, அதாவது வந்த வேகத்திலேயே வெளியேறுபவர்களின் விகிதத்தை, வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொல்வது உண்மைதான். ஆனால் தேடல் பக்கத்தில் நடக்கும் கிளிக்குகள் வேறு. கூகுளுக்கு எதிரான அமெரிக்க ஏகபோக வழக்கில், 2023இல் கூகுளின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது, ‘நேவ்பூஸ்ட்’ என்ற அமைப்பு 13 மாதக் கிளிக் தரவை வைத்து முடிவுகளைச் சீர்செய்ய உதவுகிறது என்பது வெளியே வந்தது. ஒரு ஆள் திரும்பிப் போனதால் ஒரு இடம் இறங்கும் என்று யாரும் கணக்குப் போட முடியாது. வருகையாளரின் எரிச்சலுக்கும் தேடலில் உங்கள் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் இனி முடியாது.

வருமானக் கணக்கில் ஒரு ஏமாற்று

அந்த நிறுவனத்தின் மாத அறிக்கையை இணைத்திருந்தீர்கள். அதில் 1000 பக்கப் பார்வைக்கு எவ்வளவு கிடைத்தது என்ற எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது ஏறியும் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய எண் அதுவல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: முன்பு 1000 பார்வைக்கு 100 கிடைத்தது, இப்போது 160. பார்வைகள் 100இலிருந்து 55ஆகக் குறைந்துவிட்டால், பழைய 100 இருந்த இடத்தில் உங்களுக்கு வருவது 88. அறிக்கையில் 60 சதவீத வளர்ச்சி. கையில் 12 சதவீத நஷ்டம். இனி ஒரு வருகையாளர் ஒரு முறை வந்து போவதில் சராசரியாக எவ்வளவு வருகிறது, அப்படி எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று பாருங்கள்.

குரோம் பிரவுசர் வழியாக இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எரிச்சலூட்டும் விளம்பரங்களுக்கான தொழில்துறைத் தரத்தை மீறும் தளங்களில் குரோம் விளம்பரங்களைத் தடுக்கிறது. 2018 பிப்ரவரியில் சில பகுதிகளில் தொடங்கிய இது, 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுவதும் நடைமுறையில் உள்ளது. மொபைலில் பாப்-அப், சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ, திரையில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும் ஒட்டு விளம்பரம், கட்டுரைப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்தைத் தாண்டும் விளம்பர அடர்த்தி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு பத்திக்கு ஒன்று என்ற உங்கள் கணக்கு, சின்னப் பத்திகள் கொண்ட கட்டுரைகளில் 30ஐத் தாண்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தோல்வி என்று முடிவானால் மோசமான விளம்பரம் மட்டும் போகாது. தளத்தின் எல்லா விளம்பரங்களும் மறைந்துவிடும். சர்ச் கன்சோல் கணக்கோடு திறக்கும் விளம்பர அனுபவ அறிக்கையில் உங்கள் நிலை தெரியும். இது தேடல் வரிசையைப் பற்றியதல்ல, வருமானத்தைப் பற்றியது. ஆனால் வருமானம் ஏன் குறைந்தது என்ற உங்கள் கேள்விக்கு இதிலும் ஒரு பதில் இருக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

எல்லாவற்றையும் எடுத்துவிடுவது ஒரு வழி. வேறு வருமானம் உள்ளவருக்கு அது சுலபம். உங்களுக்கு அது சரிப்படாது. அதோடு, எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. இப்படியே ஒப்பந்தம் முடியும்வரை ஓட்டுவது இன்னொரு வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவழிதான் பொருத்தம்.

முழுத்திரைக்கு அடுத்து அந்த வீடியோவை நிறுத்துங்கள். முடியாது என்றால் குறைந்தபட்சம் சத்தம் இல்லாமல், தானாக ஓடாமல் செய்யுங்கள். பிறகு பத்திகளை எண்ணி விளம்பரம் வைப்பதை விட்டுவிட்டு, வேலையின் இயல்பான இடைவெளிகளில் வையுங்கள். தேவையான கருவிகள் பட்டியல் முடிந்த இடம், பழுது சரியானதா என்று சோதிக்கும் பகுதிக்கு முன், கட்டுரையின் முடிவு. ஒரு படிக்கும் அதன் படத்துக்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். படத்தைத் தொடப் போய் விளம்பரத்தைத் தொட்டால் இன்றைக்குச் சில்லறை வரும். தவறுதலான கிளிக் என்று பின்னர் கழித்துக்கொள்வார்கள், விளம்பரதாரரும் விலையைக் குறைப்பார். ஒவ்வொரு விளம்பரப் பெட்டிக்கும் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். விளம்பரம் வராவிட்டாலும் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். சுருங்கினால் பக்கம் மறுபடி குதிக்கும். கீழே உள்ள விளம்பரங்கள், வாசகர் அருகில் வரும்போது மட்டும் லோட் ஆனால் போதும்.

எதை என்றைக்கு மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். அதே வாரத்தில் டெம்ப்ளேட்டை மாற்றுவது, முகவரிகளை மாற்றுவது, பழைய கட்டுரைகளைத் திருத்துவது எதுவும் வேண்டாம்.

ஒரு வாரத்தில் சரியாகுமா என்று கேட்டீர்கள். ஆகாது. கூகுள் உங்கள் பக்கங்களை மறுபடி வந்து பார்க்க வேண்டும். வேகத் தரவு 28 நாள் சாளரத்தில் மெதுவாகத்தான் நகரும். தளத்தின் மொத்தத் தரம் பற்றிய கணிப்பு மாறச் சில மாதங்கள் ஆகலாம், சில நேரம் அடுத்த பெரிய அல்காரிதம் மாற்றம்வரை காத்திருக்க வேண்டிவரும். பழைய இடம் அப்படியே கிடைக்கும் என்று உறுதி சொல்பவர் யாராக இருந்தாலும், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியில் வேறு யாராவது உங்களைவிட நல்ல கட்டுரை எழுதியிருக்கக்கூடும்.

கடன் நிறுவனத்தின் கட்டுரைகள்

இதை மறுத்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு இணைப்புத் தருவது தவறில்லை; அந்த இணைப்பில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது ‘நோஃபாலோ’ குறியை (இது பணம் வாங்கிய இணைப்பு, தேடல் வரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்வது) வைத்து, கட்டுரை விளம்பரம் என்று வாசகருக்கும் சொல்லிவிட வேண்டும். குறி வைக்கவே கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வாங்க வருவது உங்கள் வாசகரை அல்ல, கூகுளிடம் உங்கள் தளத்துக்கு இருக்கும் மதிப்பை. தேடல் வரிசையை உயர்த்த இணைப்பு விற்பது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. அதோடு 2024 மார்ச்சில் அறிவித்து அந்த ஆண்டு மே முதல் அமலில் இருக்கும் இன்னொரு விதி, ஒரு தளத்தின் நற்பெயரில் சவாரி செய்ய அங்கே வெளியாள் கட்டுரைகளை ஏற்றுவதைக் குறிவைக்கிறது. பழுது பார்க்கும் தளத்தில் கடன் கட்டுரைகள் என்பது அதற்கு நல்ல உதாரணமாகிவிடும். இப்போது காலியாக இருக்கக்கூடிய ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பக்கத்தில் முதல் வரி எழுதப்படுவது இப்படித்தான்.

வாசகர்களிடம் கிளிக் கேட்பதும் கூடாது. ஆட்சென்ஸ் அதை வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது, கணக்கே போய்விடும். நீங்களோ உறவினர்களோ கிளிக் செய்வதும் இதில் அடக்கம். விளம்பரத் தடுப்பானை அணைக்கும்படி பணிவாக ஒரு வரி கேட்கலாம். அணைத்தால்தான் படிக்க முடியும் என்று சுவர் எழுப்பினால், எடுத்த முழுத்திரையை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்ததாக ஆகும்.

ஒப்பந்தம் பற்றி

நான் வழக்கறிஞர் இல்லை. எனவே முறித்துக்கொள்ளும் முடிவுக்கு முன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் முறிக்கும் அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அவர்கள் மட்டுமே விளம்பரம் காட்டலாம் என்ற நிபந்தனை இருக்கிறது. எந்தெந்த வகை விளம்பரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. முழுத்திரை, வீடியோ இரண்டையும் நிறுத்தும்படியும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படியும் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். இந்த வகைகளை ஒவ்வொன்றாக அணைக்கும் வசதி பொதுவாக அவர்கள் பக்கத்தில் இருக்கும். மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது. ‘இரட்டிப்பு’ என்ற வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வாய்ச்சொல்லா என்றும் பாருங்கள்.

வெளியேறுவது என்று முடிவானால், முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள், கடைசி மாதப் பணம் எப்போது வரும், செல்லாத கிளிக்குகளுக்காக எவ்வளவு பிடிக்கலாம் என்ற மூன்று பிரிவுகளைப் படித்துவிட்டுக் கடிதம் கொடுங்கள். அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடியபின் உள்ளே போக முடியாமல் போகலாம். ஸ்கிரிப்டை எடுத்த பிறகு, யார் யார் உங்கள் விளம்பர இடத்தை விற்கலாம் என்று பட்டியலிடும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பில் அவர்கள் சேர்க்கச் சொன்ன வரிகளையும் நீக்கிவிடுங்கள். ஆட்சென்ஸுக்குத் திரும்புவதாக இருந்தால் அதற்கான வரி அங்கே இன்னும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இந்த மாதிரி நிறுவனங்கள் கோப்பு முழுவதையும் தங்களுடையதால் மாற்றிவிடுவது உண்டு.